குளத்துக்கு முதுகைக் காட்டி நின்ற பஸ்

நான் எட்டாம் தரம் படிக்கும்போது எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒரு பஸ் வந்தது. பக்கவாட்டில் மூன்று மொழியிலும் 'நடமாடும் வகுப்பறை' என்று எழுதியிருந்தது. உள்ளே ஏசி, பத்துப் பன்னிரண்டு கொம்பியூட்டர், முன்னுக்கு ஒரு பெரிய திரை. மைதானத்து வேப்பமரத்துக்குக் கீழே, குளக்கட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது நின்றது. சப்பாத்தைக் கழற்றி வெளியில் வைக்கச் சொல்லி எங்களை முப்பது முப்பது பேராக ஏற்றினார்கள். வெளிச்சம் வருகுது என்று ஜன்னல் சீலையை இழுத்து மூடினார்கள். பிறகு ஒரு வீடியோ போட்டார்கள். தலைப்பு 'நன்னீர்ச் சூழற்றொகுதி'. ஏதோ ஒரு நாட்டுக் குளம். வெள்ளை வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

எனக்குப் பக்கத்தில் இருந்தவனின் அப்பா அந்தக் குளத்தில் வலை வீசுகிறவர். அவன் கையை உயர்த்திக் கேட்டான்: "அண்ணை, குளம் பின்னால கிடக்கு. ஏன் இதுக்குள்ள இருந்து பாக்கிறம்?"

பஸ்ஸில் வந்த அண்ணை சிரித்தார். எங்கட சேர் முறைத்தார். நாற்பது நிமிசத்தில் எல்லாம் முடிந்தது. இறங்கும்போது ஆளுக்கொரு தொப்பியும் ஒரு பிஸ்கற் பக்கற்றும் தந்தார்கள். தொப்பி இன்னும் வீட்டில் கிடக்கிறது. அம்மா அதை மடித்துச் சூட்டுச்சட்டி இறக்கப் பாவிக்கிறா.

அந்தப் பஸ்ஸை நக்கலடிப்பதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அது உண்மையிலேயே பெரிய சந்தோசமான நாள். வாழ்க்கையில் முதன்முதலாக ஏசிக்குள் இருந்தது அன்றைக்குத்தான். ஆனால் இப்போது திரும்பவும் 'நடமாடும் வகுப்பறை' என்ற சொல் அடிபடத் தொடங்கியிருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள் கதைக்கின்றன, வெளிநாட்டில் இருக்கிற ஊர் ஒன்றியங்கள் கதைக்கின்றன, எங்கட பீடத்துப் பெடியள் சிலபேர் திட்ட முன்மொழிவுகூட எழுதிவிட்டார்கள். நானும் அதற்கு ஆதரவுதான். அவர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு கேள்வி. பஸ் எங்கே நிற்கும்? நின்ற பிறகு பிள்ளைகள் அதற்குள் ஏறுவார்களா, அதிலிருந்து இறங்குவார்களா?

ஒரு விசயத்தை முதலில் சொல்லவேண்டும். நடமாடும் வெளிக்கள வகுப்பறை எங்களுக்குப் புதிது இல்லை. என் வயதுக்காரர், வன்னியில் வளர்ந்தவர்கள், எல்லோரும் அதில் படித்திருக்கிறோம். நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது 2010இல். எனக்கு ஏழு எட்டு வயது. அப்போது வாகனத்தில் ஆட்கள் வருவார்கள். மரத்தடியில் எங்களை இருத்துவார்கள். படம் காட்டுவார்கள், நாடகம் போடுவார்கள், கேள்வி கேட்டுச் சரியாகச் சொன்னால் கொப்பி தருவார்கள். பிறகு றோட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், தூரத்தில் கட்டியிருக்கிற கயிறையும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையையும் காட்டுவார்கள். அதுதான் மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பு.

இப்போது யோசித்துப் பார்க்கும்போது, நான் படித்த வகுப்புகளிலேயே மிகச் சிறப்பாக வடிவமைக்கப்பட்டது அதுதான். படிப்பிக்க வேண்டிய பொருள் எங்கே இருந்ததோ அங்கேயே வந்து படிப்பித்தார்கள். ஒருவருக்கும் அது மறக்கவில்லை. எத்தனை பிள்ளைகளின் கால்களை அந்த வகுப்பு காப்பாற்றியிருக்கும் என்று கணக்கே இல்லை. ஆனால் அதன் பாடம் ஒன்றே ஒன்று: வெளியே போகாதே, எதையும் தொடாதே. பத்து வயதில் ஜொனி மிதிவெடியையும் மோட்டார் செல்லையும் எனக்குப் படத்தில் பிரித்துக் காட்டத் தெரியும். பாலைமரம் எது, வீரைமரம் எது என்று தெரியாது. அந்தப் பழங்களை எனக்குச் சந்தையில் கூறு கட்டி வைத்திருக்கும்போதுதான் தெரியும். அம்மம்மாவுக்கு அது பெரிய அதிசயம். "காட்டுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு பாலைமரம் தெரியாதோ?"

பிறகு பரிசோதித்து, துப்புரவாக்கி, இடம் இடமாகக் கயிறை அவிழ்த்தார்கள். முகமாலைப் பக்கம் அந்த வேலை இன்னும் முடியவில்லை, எங்கட ஊரில் முடிந்துவிட்டது. பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் அதே வாகனத்தில் திரும்பி வந்து, அதே மரத்தடியில் இருத்தி, "சரி பிள்ளையள், இனிப் போகலாம், வாங்கோ காட்டுறம்" என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. முதலாம் பாடத்தோடு வகுப்பு நின்றுவிட்டது. நான் நடமாடும் வகுப்பறை வேண்டும் என்று சொல்வது அந்த இரண்டாம் பாடத்துக்காகத்தான்.

"அதுக்குத்தானே கல்விச் சுற்றுலா இருக்கு" என்பீர்கள். கிளிநொச்சியில் இருந்து போகிற ஒரு கல்விச் சுற்றுலாவின் கதை உங்களுக்கும் தெரியும். இரவு பத்து மணிக்கு வெளிக்கிடுவது, விடிய விடியப் பாட்டு, பாதிப் பேர் சத்தி, காலையில் சிகிரியா, பின்னேரம் கண்டி, அடுத்தநாள் பேராதனைப் பூங்கா, தெகிவளை மிருகக்காட்சிசாலை. ஒவ்வொரு இடத்திலும் அரை மணித்தியாலம், பிறகு ஆளை எண்ணி ஏற்றுவது. அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சிநேகிதம் அங்கேதான் வளரும். ஆனால் காசு கட்டினவர்கள்தான் போவார்கள். எங்கள் வகுப்பில் பதினொரு பேர் போகவில்லை. அந்த மூன்று நாளும் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, பாடம் இருக்கவில்லை. நான் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. மேசை வாங்குகளைக் கழுவினோம்.

அந்தப் பஸ் தெகிவளைக்குப் போய்ப் பூநாரை பார்த்துவிட்டு வந்தது. பூநாரை எங்கட பக்கத்திலேயே வரும். 1938இலிருந்து பறவைகள் சரணாலயமாக இருந்து, 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் எங்கட மாவட்டத்தின் விளிம்பில்தான் கிடக்கிறது. மன்னாருக்குப் போகும் வழியில் உள்ள வங்காலை 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம். மாரியில் அங்கே வந்து இறங்குகிற பறவைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து கமராவோடு ஆட்கள் வருகிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அந்த நேரத்தில் வகுப்பறையில் 'வலசை' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும்.

நான் முதன்முதல் ஒழுங்கான வெளிக்கள வகுப்புக்குப் போனது இருபத்தொரு வயதில், கம்பஸில் புவியியல் எடுத்த பிறகு. வடமராட்சி கிழக்கு மணற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மணற்குன்று, சவுக்கங்காடு, மணலுக்குள் அரைவாசி புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோயில். அந்த வகுப்பும் அப்படியொன்றும் திறமில்லை. ஐம்பது பேருக்கு ஒரு பஸ், பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அறிக்கையைப் பாதிப் பேர் சீனியர்மாரின் கொப்பியைப் பார்த்து எழுதினோம். ஆனால் ஒரு இடத்தில் விரிவுரையாளர் நின்று, மணல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் புத்தகத்துப் பருவக்காற்றை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்க, எப்போதும் கடைசி வாங்கில் இருக்கிற, வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தன் சொன்னான்: "சோழகம் எழும்பினா மணல் கடல்பக்கம் போகும் சேர். வாடை துவங்கினா ஊர்ப்பக்கம் வரும். வாடைக்கு எங்கட வீட்டு முத்தத்தில நிதமும் மணல் கூட்டவேணும்."

அவன் கரையோரத்துப் பெடியன். எங்கள் எல்லோரைவிடவும் நன்றாகக் காற்றைப் படித்தவன். ஆனால் பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் 'வடகீழ்ப் பருவக்காற்று' என்று எழுதித்தான் புள்ளி எடுத்தானே தவிர, வாடை என்ற சொல்லை ஒரு ரீச்சரும் அவனிடம் கேட்டதில்லையாம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று அவனுக்கே அன்றைக்குத்தான் ஓடி வெளித்ததாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான்.

தோட்டத்திலும் வயலிலும் கடலிலும் நின்று வளர்கிற பிள்ளைக்கு வெளிக்களக் கல்வி என்னத்துக்கு, அது ஏசி அறையில் வளர்கிற கொழும்புப் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். அவள் பதுளைப் பக்கம். "நாங்க வெளியிலதான்டி இருக்கோம், எங்களை உள்ளுக்கு விடுங்க முதல்ல" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லயத்தில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு மலையேறி வருகிற பிள்ளைக்கு நல்ல கட்டடமும் விஞ்ஞான ஆசிரியரும்தான் முதல் தேவை. ஆனால் அவளுடைய மாவட்டத்தில்தான் 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மரமும் கம்பமும் ஒருபக்கம் சாய்வது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விடுவது, ஊற்றுத்தண்ணி திடீரென்று கலங்குவது அல்லது புது இடத்தில் கிளம்புவது என்று மண் முன்கூட்டியே காட்டுகிற அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றை அந்தச் சரிவிலேயே நின்று பிள்ளைகளுக்குக் காட்டினால் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லலாமா? ஒரு மழைமானியைப் பள்ளிக்கூட முற்றத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் அளவெடுக்கப் பழக்கினால் அது எவ்வளவு பெரிய காரியம்? இதைக் கேட்டதற்கு அவள், "அதைச் சொல்லிக்குடுக்க வர்றவங்க அங்கயிருந்து எங்களைத் தூக்கிட்டுப்போய் வேற எடத்துல குடியிருத்தவும் ஏதாவது செய்வாங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கட பக்கத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பெரிய குளம் தெரியாது, வன்னிப் பிள்ளைக்குச் சுண்ணாம்புக்கல் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழும். மற்றதெல்லாம் கிணறு. நிலத்துக்கடியில் மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலே ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு அடி குறையும்போது கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். கண்மூடித்தனமாக மோட்டர் போட்டு இறைத்தால் கிணறு உவராவது இதனால்தான்.

இதைக் கரும்பலகையில் கீறி விளங்கப்படுத்தலாம். இல்லையென்றால் பிள்ளைகளைப் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு போத்தலில் கல்லைக் கட்டிக் கயிற்றில் இறக்கி, மேல் தண்ணியையும் ஆழத்துத் தண்ணியையும் எடுத்து, உப்பு அளக்கிற சின்ன மீற்றரை இரண்டுக்குள்ளும் வைத்துப் பார்க்கவிடலாம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. இராமர் அம்பு விட்ட கதையையும் அங்கேயே சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணியை ஒரு போத்தலில் கொண்டுவந்து அளக்கட்டும். கடற்கரை வீட்டுப் பிள்ளைக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று அதுகளே பட்டியல் போடும். இப்போது நிலாவரையில் என்ன நடக்கிறது? எட்டிப் பார்க்கிறோம், செல்பி எடுக்கிறோம், கச்சான் வாங்குகிறோம்.

அதேபோல யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இரணைமடுவுக்கு வரட்டும். துருசு எப்படித் திறக்கிறது, வாய்க்காலில் தண்ணி யாருக்கு முதல் போகும், யார் தீர்மானிப்பது, வான் பாய்ந்தால் கீழே எந்த ஊர். 2018 டிசம்பரில் வான்கதவு திறந்து வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் தண்ணி வந்த பிள்ளைகள் எங்கட பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களே படிப்பிப்பார்கள்.

இதற்கெல்லாம் எதற்குப் பஸ், நடந்து போகலாமே என்றால், நடக்கக்கூடிய இடத்துக்கு நடந்துதான் போகவேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்து குளம் அரைக் கிலோமீற்றர் என்றால் அதற்கு வாகனம் கேட்பது சோம்பல். ஆனால் பிள்ளைகள் குறைந்த சின்னப் பள்ளிக்கூடங்கள் எங்களிடம் நிறைய. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பைனாகுலரும் மீற்றரும் வாங்கிக் கொடுக்க ஏலாது. வாங்கினாலும் அதிபரின் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும், உடைந்தால் யார் கட்டுவது என்ற பயத்தில். ஒரு பஸ் பத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றலாம். இன்னொன்று, பொம்பிளைப் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது முதலாவது பிரச்சினை பாதுகாப்பு இல்லை, மலசலகூடம். மணற்காட்டில் நாங்கள் காலையில் இருந்து தண்ணி குடிக்காமல் நின்றோம். இருபத்தொரு வயதில் எங்களுக்கே அப்படியென்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு? நடக்க ஏலாத பிள்ளை, சக்கர நாற்காலிப் பிள்ளை, குண்டுச் சன்னம் இன்னும் உடம்பில் உள்ள பிள்ளை, இவர்களும் வரவேண்டும் என்றால் வாகனம் வேண்டும்.

அதனால் என் கற்பனைப் பஸ்ஸில் ஏசியும் திரையும் இல்லை. ஒரு மலசலகூடம், தண்ணித்தாங்கி, முதலுதவிப் பெட்டி, சக்கர நாற்காலி ஏற்றச் சரிவுப் பலகை, நிழலுக்குப் பக்கவாட்டில் இழுத்துக் கட்ட ஒரு தறப்பாள். (தறப்பாள் என்றதும் எங்கட சனத்துக்கு வேறு ஞாபகம் வரும். பரவாயில்லை, தறப்பாளுக்கும் ஒரு நல்ல காலம் வரட்டும்.) பைனாகுலர், மழைமானி, அளவுநாடா, உப்பு மீற்றர், சின்ன வலை. எல்லாவற்றையும்விட முக்கியம், அதோடு நிரந்தரமாக வேலை செய்கிற ஒரு ஆள். மூன்று மாதத் திட்டம் முடிய மாறிப்போகிற ஆள் வேண்டாம். நிற்கிற ஒவ்வொரு ஊரிலும் வாய்க்கால் பார்க்கிறவர், வலை வீசுகிறவர், பழமரம் தெரிந்த ஒரு அம்மம்மா என்று யாரையாவது கூப்பிட்டு, வளவாளர் என்று கையெழுத்து வாங்கி, கம்பஸ்காரருக்குக் கொடுக்கிற அதே காசைக் கொடுக்கவேண்டும். சும்மா வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பக்கூடாது.

பஸ்ஸுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். 2021 யூனில், ஓடி முடிந்த இ.போ.ச. பஸ்களை மீன் பெருகுவதற்கென்று வடக்குக் கடலில் இறக்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது சரியா பிழையா என்ற சண்டை வேறு, தமிழ்நாட்டு மீனவர்களும் எதிர்த்தார்கள். மீனுக்குக் கொடுத்த பஸ்ஸில் ஒன்றிரண்டைத் திருத்திப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏலாதா என்றுதான் எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போது தோன்றியது. ஓடாதென்றால் எஞ்சினை மாற்றலாம். பங்களாதேசில் முகம்மது ரெஸ்வான் என்ற கட்டடக் கலைஞர் 2002இல் இருந்து படகிலேயே பள்ளிக்கூடம் நடத்துகிறார். மழைக்காலத்தில் றோட்டு தண்ணிக்குள் போய்விடும், பிள்ளை வர ஏலாது, அதனால் படகு வீட்டுப் படலைக்கு வருகிறது. பிள்ளைகளை ஏற்றி, ஒரு கரையில் கட்டி வைத்து, உள்ளேயே வகுப்பு. அங்கே வகுப்பு படகுக்குள் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது, வெளியே எல்லாம் வெள்ளம். எங்களுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஜன்னலை மூடுகிறோம்?

பரீட்சைதான். வேறு என்ன. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்றால் வடக்கில் உயர்தரம் எடுத்த எல்லோருக்கும் தெரியும். எதற்காகத் தெரியும்? வினாத்தாளுக்காக. "வெளிக்கள நிலையப் பேப்பர் செய்திட்டியா?" என்று சயன்ஸ், மற்ஸ்காரர் விடுதியில் கேட்டுத் திரிவார்கள். பெயரில் இருக்கிற 'வெளிக்களம்' என்ன என்று நான் அவர்களில் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. நிலையத்தைக் குறை சொல்லவில்லை. அந்தத் தாள்கள் எத்தனையோ பேரைக் கம்பஸுக்கு அனுப்பியிருக்கின்றன, எங்கட சனம் கேட்டதும் அதைத்தான். ஆனால் கடலேரியையும் கடலையும் கதவு போட்டுப் பிரித்து வைத்திருக்கிற தொண்டைமானாற்றின் பெயரை நாங்கள் ஒரு வினாத்தாளின் தலைப்பாக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் கஸ்டமாகத்தான் இருக்கிறது. ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே இருக்கிறது. ஐந்தாம் தரம் வரும்போது அதுவும் புலமைப்பரிசில் வினாக்கொத்தாகிவிடும். 'செயற்பாடு' என்பது கீறிட்ட இடம் நிரப்புவது.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க ஏலாது. ஒரு பிள்ளை தண்ணிக்குள் விழுந்தால் அந்த ரீச்சரின் வாழ்க்கை முடிந்துவிடும், பேப்பரில் படம் வரும். சுற்றுலா போன இடங்களில் பிள்ளைகள் தண்ணியில் போன செய்திகளை நாங்களும் வாசிக்கிறோம். எந்த அதிபரும் "வேண்டாம்" என்பதுதான் பாதுகாப்பு என்று நினைப்பார். ஆகவே பொறுப்பு ஒருத்தரின் தலையில் விழாமல் எழுதப்பட்ட ஒழுங்கு வேண்டும்: எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர், தண்ணிக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது, காப்புறுதி யார் கட்டுவது. அந்த மிதிவெடி வகுப்புக்காரர் அதையெல்லாம் வைத்திருந்தார்கள். மிதிவெடிக்குப் பக்கத்திலேயே எங்களைப் பத்திரமாக நிறுத்திப் படிப்பிக்க முடிந்ததென்றால் ஒரு குளக்கரையில் முடியாதா?

பஸ் வரும்வரை சும்மா இருக்காமல், நானும் இரண்டு பேரும் சேர்ந்து எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் தரப் பிள்ளைகளை ஒரு காலைநேரம் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கேட்டிருக்கிறோம். இருபத்திமூன்று பிள்ளைகள், வகுப்பு ரீச்சர், நாலு அம்மாமார். பஸ்ஸில் அன்றைக்குக் கை உயர்த்திக் கேட்டவன் இப்போது அப்பாவோடு அதே குளத்தில் வலை வீசுகிறான். வந்து மீன்களைக் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், "எனக்கு மைக் தரக்கூடாது" என்ற ஒரே நிபந்தனையோடு. அதிபர் நல்ல மனிசன், ஓம் என்றார். ஆனால் மேலிடத்து அனுமதி வேண்டுமாம், கடிதம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். ஏழு கிழமையாகிறது. போன கிழமை போய்க் கேட்டதற்கு, "வாகன இலக்கம் போடேல்லையே" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள். நடந்துதான் போகிறோம் என்று எழுதித் திரும்பக் கொடுத்திருக்கிறோம்.